புது டிசைன் ஏழு சீட்டர்: நம்பி வாங்கலாமா என்று பார்ப்பது எப்படி

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று புது அவதாரத்தில் வந்து நிற்கும்போது ஷோரூமில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது மைலேஜ். ஐந்து வருஷம் தொந்தரவு இல்லாமல் ஓடுமா என்ற கேள்வியை விற்பனையாளரிடம் கேட்டும் பயன் இல்லை, அவருக்கும் தெரியாது. ஆனால் வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் பெருமளவு கணித்துவிடலாம்.

முதலில், "புது மாடல்" என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. 2021ல் மஹிந்திரா எக்ஸ்யூவி500க்குப் பதிலாக எக்ஸ்யூவி700ஐக் கொண்டுவந்தபோது பாடி, கேபின், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாமே புதுசு. 2022 கடைசியில் வந்த இன்னோவா ஹைகிராஸ் அதற்கும் ஒரு படி மேல்: தனிச் சேஸி ஃபிரேம் போய் பாடியும் சட்டமும் ஒன்றான மோனோகாக், பின்சக்கர இழுவை போய் முன்சக்கர இழுவை, டீசல் போய் பெட்ரோலும் ஹைபிரிட்டும். பெயரில் இன்னோவா இருந்தாலும், அதற்கு முன்பிருந்த இன்னோவா கிரிஸ்டா சம்பாதித்த நல்ல பெயரை அப்படியே அதன் தலையில் தூக்கி வைக்க முடியாது. மறுபக்கம், 2024ல் வந்த ஹூண்டாய் அல்கஸார் முகம் மாறியது, உள்ளே திரைகள் மாறின, 1.5 டர்போ பெட்ரோலும் 1.5 டீசலும் பழையபடியே தொடர்ந்தன. இந்த மூன்றையும் "புதுசு, அதனால் கொஞ்சம் காத்திருங்கள்" என்று ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல.

வெறும் முகமாற்றம் என்று தோன்றுவதும் ஏமாற்றும். டாடா சஃபாரிக்கு 2023ல் வந்த புதுப்பிப்பைப் பார்த்தவர்கள் விளக்கையும் கிரில்லையும் பேசினார்கள். அதே சமயம் ஹைட்ராலிக் ஸ்டியரிங் போய் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் வந்தது. இன்ஜின் பழையது; ஸ்டியரிங் அந்த வண்டிக்கு முதல் வருஷத்துச் சரக்கு.

ஒரு தாளில் வயதுக் கணக்கு

ஒரு தாள் எடுத்து வரிசையாக எழுதுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், எமிஷன் அமைப்பு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், ஏ.சி., திரையும் சாஃப்ட்வேரும், கேமரா-ரேடார். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் போதும். இது எந்த வருஷம் முதல் ஓடுகிறது? வேறு எந்த வண்டியில் ஓடுகிறது? எக்ஸ்யூவி700ன் 2.2 டீசல் ஸ்கார்பியோ-என்னிலும் இருக்கிறது. சஃபாரியின் 2.0 டீசல் ஃபியட் வழி வந்தது. ஜீப் காம்பஸிலும் எம்ஜி ஹெக்டரிலும் ஓடிய குடும்பம். அல்கஸாரின் டீசல், க்ரெட்டாவிலும் கேரன்ஸிலும் இருப்பதுதான். அந்த வண்டிகள் ஒரு லட்சம் கி.மீ. தாண்டி என்ன நிலையில் இருக்கின்றன என்று வெளி மெக்கானிக்குகளிடம் கேட்டால் பதில் கிடைத்துவிடும். புது வண்டிக்குப் பதில் தேட பழைய வண்டிக்காரரிடம் போவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

மூன்று வருஷத்துக்கு மேல் வேறு வண்டியில் ஓடிய பாகத்துக்கு ஒரு டிக். அதே பாகம் இதைவிட எடை குறைந்த வண்டியில்தான் ஓடியது என்றால் அரை டிக். ஐந்து சீட்டர் காரில் சரியாக இருந்த கிளட்ச், ஏழு பேரையும் பெட்டிகளையும் இழுக்கும்போது வேறு விதமாகச் சூடாகும். புத்தம் புதிய பாகத்துக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறி நான்கைத் தாண்டினால், முதல் வருஷ வண்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மாற்றம் என்றாலே அபாயம் என்று இல்லை. அமெரிக்காவில் நிஸான் பாத்ஃபைண்டர் 2022ல் மாறியபோது, அதிகம் திட்டு வாங்கிய, கியர் படிகள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸைத் தூக்கிவிட்டு 9 வேக ஆட்டோமேட்டிக்கைப் போட்டார்கள். அங்கே புதுசுதான் பாதுகாப்பான பக்கம். பழையது என்றாலே உறுதி என்றும் இல்லை. ஹோண்டாவின் 3.5 லிட்டர் வி6 நீண்ட காலம் பேர் வாங்கிய குடும்பம். ஆனாலும் கிராங்க் ஷாஃப்டில் உள்ள முளை (கிராங்க் பின்) சரியாகக் கடையப்படாததால் கனெக்டிங் ராடு பேரிங் தேயலாம் என்று 2023ல் சுமார் 2.49 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஹோண்டாவின் பெரிய எஸ்யூவியான பைலட்டில் சில வருஷத்து வண்டிகளும் அதில் உண்டு. டிசைன் பழையதாக இருக்கலாம். தொழிற்சாலையில் ஒரு மெஷினின் செட்டிங் தவறினால் அது வேறு கதை.

ரீகாலை எப்படிப் படிப்பது

ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்த வண்டி மட்டம், வராத வண்டி உசத்தி என்று எண்ணுவது நம் ஊரில் பரவலான பிழை. ரீகாலில் பார்க்க வேண்டியது நான்கு: எந்தப் பாகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தயாரானவை, எத்தனை வண்டி, என்ன வேலை செய்து கொடுக்கிறார்கள்.

எக்ஸ்யூவி700ஐயே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் மேனுவல் கியர் உள்ள 12,566 வண்டிகளை அழைத்தார்கள். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் ஒரு ரப்பர் பெல்லோவின் இடைவெளி அளவு பிசகியிருக்கலாம். காரணம், சப்ளையர் ஆலையில் பாகங்களைத் தரம் பிரித்ததில் நடந்த தவறு. தயாரிப்புத் தேதி 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை. ஐந்து மாதம்கூட இல்லை. இது லாட் கோளாறு, ஒரு தொகுப்பில் மட்டும் வந்த பிசகு. அந்த மாதங்களைத் தவிர்த்தாலோ, வேலை முடிந்ததா என்று பார்த்தாலோ விஷயம் தீர்ந்தது.

2023 ஆகஸ்டில் வந்தது வேறு மாதிரி. இன்ஜின் அறைக்குள் வயரிங் கட்டு போகும் பாதையில் உராய்ந்து வெட்டுப்படும் அபாயம். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரான 1,08,306 வண்டிகள். அதாவது, முதல் வண்டியிலிருந்து இரண்டு வருஷம் வரை வந்த எல்லாவற்றிலும். இதை லாட் கோளாறு என்று ஒதுக்க முடியாது, அமைப்பு நிலையிலேயே விட்டுப்போனது. புது மாடலில் இப்படி வயரிங், ரப்பர், சீல், கிளிப் என்று சின்ன சாமான்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் பிளாக் வெடிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் தேய்ந்த ஒரு வயர்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் ரீகாலுக்கு அரசு விதிகள் உண்டு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு வேலை முடிந்ததா என்பதைச் சேஸி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். "சர்வீஸ் கேம்பைன் ஏதாவது ஓப்பனில் இருக்கிறதா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ரீகால் என்று வெளியே அறிவிக்காமல், வண்டி சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் மாற்றிக் கொடுக்கும் பாகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது எளிது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் மாடல் பெயரைப் போட்டால் புகார்களும், டீலர்களுக்குக் கம்பெனி அனுப்பும் பழுதுக் குறிப்புகளும் வந்துவிடும். புகார்களைவிடக் குறிப்புகளை முதலில் படியுங்கள். கம்பெனியே ஒப்புக்கொண்ட கோளாறு எது என்பது அதில்தான் தெரியும்.

உரிமையாளர்களின் புலம்பல்

இணையத்தில் வரும் புகார்களை எண்ணாதீர்கள், பிரியுங்கள். மாதம் ஐயாயிரம் விற்கும் வண்டிக்கு ஐம்பது புகார் வருவதும், ஐந்நூறு விற்கும் வண்டிக்கு ஐம்பது வருவதும் ஒன்றல்ல. ஓடிய கி.மீ., தயாரித்த மாதம், டீசலா பெட்ரோலா, எந்த கியர்பாக்ஸ் ஆகிய நான்கும் இல்லாத பதிவைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை மூன்று கட்டாகக் கட்டலாம்: வண்டி நின்றது, காசு வைத்தது, எரிச்சல் மட்டும். திரை உறைவதும், புளூடூத் துண்டிப்பதும், டேஷ்போர்டில் கிறீச் சத்தமும் மூன்றாவது கட்டு. புது மாடலில் அது பெரிதாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் கட்டில் ஒரே பாகம், ஒரே அறிகுறி, ஏறக்குறைய ஒரே கி.மீ.யில் நான்கைந்து பேருக்கு வந்திருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த நான்கைந்து பேருக்கும் எப்படிச் சரியானது என்பது அதைவிட முக்கியம். பாகத்தை மாற்றியதும் தீர்ந்ததென்றால் கம்பெனிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "சாஃப்ட்வேர் போட்டார்கள், இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது" என்றால் இன்னும் தெரியவில்லை.

டெஸ்ட் டிரைவ்: ஏழு பேரோடு

தனியாகப் போய் ஷோரூமைச் சுற்றி மூன்று கி.மீ. ஓட்டிவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. வீட்டில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே ஏழு பேர் 455 கிலோ. கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் வண்டியின் மொத்த எடை இருக்கும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் எவ்வளவு சுமக்கலாம் என்று தெரியும். பல ஏழு சீட்டர்களில் ஏழு பேர் ஏறியதும் பெட்டிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எப்போதும் அந்த எல்லையிலேயே ஓடும் வண்டிக்குப் பின் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் பேட் எல்லாம் சீக்கிரம் போகும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் காற்று ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருக்கும், அதைப் பின்பற்றுவோர் குறைவு.

ஓட்டும்போது மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர் கையில் ஒரு குச்சி தெர்மாமீட்டர் கொடுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஏ.சி. முழுதாகப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகு முன் வென்ட்டையும் பின் வென்ட்டையும் அளக்க வேண்டும். நான்கைந்து டிகிரி வித்தியாசம் சகஜம். பத்தைத் தாண்டினால், பின்னால் இருப்பது வெறும் ஃபேனாக இருக்கலாம், தனி கூலிங் காயில் இல்லாமல். தனி காயில் இருக்கும் வண்டியில் குளிர்வாயுக் குழாய் முன்னிருந்து பின்வரை போகும். அது அடிப்பக்கமாகப் போகிறதென்றால் கல்லடியும் துருவும் அதற்குத்தான் முதலில். எந்த வழியாகப் போகிறது, மேலே கவசம் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

மலைப்பாதைக்கு டீலர் விடமாட்டார். மால் பேஸ்மென்ட் சரிவு போதும். ஏழு பேரோடு சரிவின் நடுவில் நிறுத்தி, திரும்ப நகர்த்துங்கள். உலர் கிளட்ச் வகை டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்றால், பிரேக்கை விட்டதும் ஊர்ந்து ஏறும்போது அதிர்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் ஊர்வதுதான் அந்த வகைக்கு எமன். பீக் அவரில் ஒரு மணி நேரம் நகரும் ரூட் உங்களுடையது என்றால் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கையே எடுங்கள். மேடு இறங்கி, ஸ்பீட் பிரேக்கரில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாக, மெதுவாக விடுங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு. பாடி முறுகும்போது பனோரமிக் கூரையின் ஓரத்திலும் பின் கதவின் பூட்டிலும் எழும் சத்தம் அப்போதுதான் கேட்கும்.

இன்னொரு யோசனை. புது டெமோ காரைக் காட்டுவார்கள், "இந்த மாடலில் உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் ஓடிய டெமோ கார் எது?" என்று கேட்டு அதைப் பாருங்கள். பத்தாயிரம் கி.மீ. தாண்டிய டெமோ கார், கண்டவர் எல்லாம் மிதித்த வண்டி. சாதாரண வீட்டில் மூன்று வருஷம் ஆகும் தேய்மானம் அதில் ஏற்கெனவே இருக்கும். சீட் ஓரம் தளர்ந்ததா, இரண்டாம் வரிசை மடக்கும் லீவர் ஆடுகிறதா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்ததா. மூன்றாம் வரிசைக்குப் போக ஒவ்வொரு முறையும் மடக்கப்படும் அந்த லீவர், இந்த வகை வண்டியில் கதவுக் கைப்பிடிக்கு அடுத்தபடியாக உழைக்கும் சாமான்.

ஓபிடி கருவியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, ஃபோனில் ஆப் திறந்தால் பிழைக் குறியீடு தெரியும். குறியீடு இல்லை என்பதில் திருப்தி அடையாதீர்கள். "குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்" என்று ஓர் அளவு இருக்கும். 14,000 கி.மீ. ஓடிய வண்டியில் அது 40 என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ அழித்திருக்கிறார்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். சர்வீஸ் வேலையைக் குறித்து வைக்கும் ஜாப் கார்டைக் கேளுங்கள்.

இன்ஜினை அணைத்துப் பூட்டி அரை மணி நேரம் கழித்து 12 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இணைய வசதியும் திரைகளும் நிறைந்த வண்டிகளில், நிற்கும்போதும் உறங்காமல் மின்சாரம் உறிஞ்சும் கோளாறு அடிக்கடி வருவது. ஷோரூமில் வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பனோரமிக் சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரையைத் திறந்து, முன் மூலைகளில் இருக்கும் வடிகால் துளையில் மெதுவாக அரைச் சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். முன்சக்கர வளைவுக்கு அருகில் சொட்ட வேண்டும். வெளியே வராமல் தங்கினால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீர் மழைக்காலத்தில் கண்ணாடித் தூண் வழியாக இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் வயர் கனெக்டரில் நிற்கும். மூன்று மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாமல் சீட் பெல்ட் எச்சரிக்கை எரியும், யாருக்கும் காரணம் பிடிபடாது.

பானெட்டைத் திறந்து வயரிங் கட்டை விரலால் தொடர்ந்து போங்கள். கட்டு எங்கெல்லாம் உலோகத்தைத் தொடுகிறதோ அங்கே கிளிப் இருக்க வேண்டும், கிளிப் இருக்கும் இடத்தில் மேலுறை இருக்க வேண்டும். பளபளவென்று தேய்ந்த இடம் தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள்.

டீசலும் ஹைபிரிட்டும்

டீசல் என்றால் டிபிஎஃப் வடிகட்டி. புகைக்கரியைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் பதினைந்து இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட வேண்டும். பள்ளிக்கு மூன்று கி.மீ., காய்கறிக்கு இரண்டு கி.மீ. என்று ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவது பழைய கவலை, இதில் ஏறுவதுதான் கவலை. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே ஆயில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் டர்போ பேரிங்குக்கு ஆபத்து. இதை "மாடல் கோளாறு" என்று எழுதுவோர் நிறைய. பாதி நேரம் அது ஓட்டும் விதத்துக்குப் பொருந்தாத இன்ஜின்.

ஹைபிரிட்டில் பேட்டரியைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். டொயோட்டா அதற்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகிறது. பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று கேபினிலிருந்து போகும் வகையில், சீட்டுக்கு அருகில் உள்ள காற்று வழியைக் குழந்தைகளின் பை மூடாமலும் அதன் வடிகட்டியில் தூசி சேராமலும் பார்த்துக்கொண்டாலே பாதி ஆயுள் காப்பாற்றப்படும்.

எப்போது, எந்த மாதத்து வண்டி

எங்கள் கணக்கில், முழுக்கப் புதிய வண்டிக்கு அறிமுகத்திலிருந்து பன்னிரண்டு மாதம், இன்ஜின் பழையதாக உள்ள முகமாற்றத்துக்கு நான்கு மாதம் பொறுத்தால் போதும். முழுக்கப் புதிய வண்டி என்றால், அதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த வண்டிகள் மீது போயிருக்க வேண்டும், அது முக்கியம். பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பதிவான தேதியை அல்ல. 2023 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதியின் இரண்டாம் கட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் தயாரான ஒரே மாடலின் எமிஷன் அமைப்பும், பெட்ரோலில் எத்தனால் கலப்பைத் தாங்கும் பாகங்களும் மாறியிருக்கலாம்.

முன்பணம் கட்டும் முன் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு ஒரு நடை. கேமரா பொருந்திய முன் கண்ணாடி, எல்இடி ஹெட்லைட், பம்பருக்குள் இருக்கும் ரேடார், டச் ஸ்கிரீன்: நான்குக்கும் விலை என்ன, கையிருப்பு உண்டா, இல்லையென்றால் எத்தனை நாள்? கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுபடுத்த வேண்டும், அந்தக் கருவி உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீட்டித்த வாரன்டி எடுப்பதென்றால் முதல் பக்கத்தை விட்டுவிட்டு "இவை அடங்காது" என்ற பத்தியைப் படியுங்கள். திரை, சென்சார், சன்ரூஃப் மூன்றும் அங்கே இருந்தால் இந்த மாதிரி வண்டிக்கு அந்தக் காகிதம் அவ்வளவு உபயோகமில்லை.

வாங்கிய பிறகு சின்னக் கோளாறு வந்தாலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் "சத்தம் வருகிறது" என்று எழுதினால் "சத்தம் இல்லை" என்று மூடிவிடுவார்கள். "காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பின், இடது பக்கம் திருப்பும்போது, 20 கி.மீ. வேகத்துக்குள், முன் இடது சக்கரத்தில் டக் டக் சத்தம், 3,200 கி.மீ. முதல்" என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மூன்றாவது முறையும் அதே வரி ஜாப் கார்டில் வந்தால், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தாலும் அந்த மூன்று தாள்தான் பேசும்.